எட்டு வாசலில் போன சூடு

மலைக்காட்டில் மார்கழி பிறந்தது. புல் நுனியெல்லாம் உறைபனி. சிலிர்ப்பன் என்ற முள்ளம்பன்றி மட்டும் அன்று கொதித்துக்கொண்டிருந்தான். கோபம்தான், வேறென்ன!

காட்டின் நடுவே ஒரு சதுப்பு. அதன் அடியிலிருந்து எரிவாயு குமிழி குமிழியாக வரும். சதுப்புக்குச் சொந்தக்காரர் கரும்பாறை என்ற எருமை. மூங்கில் குழாய் போட்டு எல்லா வளைகளுக்கும் வாயு விடுவார். குழாய்க்கு ஒரு தவளை உட்கார்ந்து குமிழியை எண்ணும். நூறு குமிழி போனால் "கொர்!" என்று கத்தும். ஒரு கொர்ருக்கு இரண்டு கிழங்கு விலை.

"ரெண்டு கிழங்கா?" சிலிர்ப்பன் முள்ளை விரித்தான். "அண்ணாச்சி, சேத்துல தானா வர்ற காத்து இது! நீங்களா ஊதி அனுப்புறீங்க?"

"சரி, ஒண்ணேமுக்கால் கொடு."

"ஒண்ணு!"

"கட்டுப்படியாகாது, தம்பி."

"அப்ப நான் சுள்ளி பொறுக்கிக்கிறேன்!"

சிலிர்ப்பன் திரும்பி நடந்தான். வேகமாக அல்ல. கூப்பிடும் தூரத்திலேயே நடந்தான். சின்ன வயதிலேயே தனியாகக் கிழங்கு தோண்டிப் பிழைத்தவன், பத்துப் பேரிடம் ஏமாந்து பேரம் கற்றவன். எப்போது திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அவனுக்குத் தெரியும்.

"வந்து தொலை! ஒண்ணே கொடு!" என்றார் கரும்பாறை.

வீட்டுக்கு வரும் வழியில் பெருச்சாளி தொப்பையம்மாவைப் பார்த்தான். அவள் தன் வளை வாசலில் ஈரமண்ணை அப்பிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, நீ இன்னும் ரெண்டு கிழங்கா கொடுக்கிறே? ஏமாளி!"

"ஆமா தம்பி. ஆனா எனக்கு ரெண்டு நாளைக்கு ஒரு கொர் போதுமே."

"மண்ணை அடைச்சுக்கிட்டு உள்ளே கிடக்கிறதும் ஒரு பிழைப்பா? எங்க வளையில எட்டு வாசல்! சிறுத்தை ஒரு பக்கம் வந்தா ஏழு பக்கம் ஓடலாம். எங்க குலவழக்கம் அது!"

தொப்பையம்மா சிரித்துவிட்டு அடுத்த உருண்டை மண்ணை எடுத்தாள்.

சிலிர்ப்பன் அடுப்பைப் பற்றவைத்தான். குளிர் போகவில்லை. குழாயை இன்னும் திறந்தான். அப்போதும் போகவில்லை. முழுக்கத் திறந்தான். சதுப்பில் அவனுடைய தவளை மூச்சு விடாமல் "கொர் கொர் கொர்" என்று கத்தியது. அவனுடைய இரண்டு குட்டிகளோ மூலையில் ஒன்றை ஒன்று கட்டிக்கொண்டு தும்மின.

மார்கழி பாதிதான் ஆகியிருந்தது. அவன் மனைவி ஊசிக்கண்ணி கிழங்குக் குழியை எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, பாதிக்கு மேல காலி! மாசி பிறந்தாத்தான் பனி விடும். அதுவரைக்கும் பிள்ளைங்களுக்கு என்ன கொடுக்கிறது?"

"விலையைத்தான் பாதியாக் குறைச்சிட்டேனே!"

"குறைச்சீங்க. கிழங்கும் சேர்ந்து குறையுது!"

சிலிர்ப்பனுக்குச் சுருக்கென்றது. "அந்தத் தவளை திருட்டுக் கணக்குப் போடுது! இன்னிக்கு அதை நான் சும்மா விடப்போறதில்லை!" என்று வெளியே பாய்ந்தான்.

பாய்ந்தவன் அப்படியே நின்றான்.

காடு முழுக்க வெள்ளை வெளேரென்று பனி. அவன் வாசலில் மட்டும் பச்சைப்புல்! அதன்மேல் நான்கு கவுதாரிகள் இறக்கையை விரித்துப் படுத்திருந்தன. அடுத்த வாசலுக்கு ஓடினான். அங்கே ஒரு காட்டுக்கோழி குடும்பத்தோடு குளிர்காய்ந்தது. மூன்றாம் வாசலில் ஓர் ஓணான் மல்லாந்து கிடந்தது.

"வாங்கண்ணே!" என்றது ஓணான். "உங்க புண்ணியத்துல இந்த வருஷம் குளிரே தெரியலே. இன்னும் கொஞ்சம் கூட்டி வைக்கலாமா?"

"அடேய்! என் கிழங்குடா அது!"

அவன் முள்ளைச் சிலுப்பிய சிலுப்பில் பறவைகள் பறந்தன. ஓணான் மரமேறியது. சத்தம் கேட்டுத் தொப்பையம்மா வந்தாள்.

"தம்பி, வாசலை அடை."

"அடைக்கிறதா? சிறுத்தை வந்தா நீயா வந்து நிப்பே?"

"மண்ணால அடைக்காதே. காய்ஞ்ச புல்லையும் பாசியையும் திணி. காத்து உள்ளே வராது. நீ முட்டினா வழி விடும்."

யோசனை பிடித்திருந்தது. ஆனால் பேரம் பேசாமல் ஒப்புக்கொள்ள அவனுக்கு வாய் வருமா?

"ஒரு வாசல் அடைக்கிறேன்!"

"ஏழு."

"ரெண்டு! அதுக்கு மேல பேசாதே!"

"நான் போறேன், தம்பி." தொப்பையம்மா திரும்பி நடந்தாள். வேகமாக அல்ல.

சிலிர்ப்பன் பல்லைக் கடித்தான். உள்ளே குட்டி தும்மியது.

"ஏழையும் அடைச்சுத் தொலைக்கிறேன்! வாக்கா!"

அன்று முழுக்க இருவரும் புல் சுமந்தார்கள். கடைசி வாசலுக்குப் பாசியால் ஒரு திரை பின்னித் தொங்கவிட்டாள் ஊசிக்கண்ணி. தொப்பையம்மா அடுப்புக்கு நேர் மேலே ஒரு துளை போட்டாள்.

"இதை மட்டும் எந்தக் காலத்திலேயும் அடைச்சிடாதே. புகை போக வழியில்லேன்னா தூங்குறவங்க எழுந்திருக்க மாட்டாங்க. அப்புறம், படுக்கிற அறைக்கு மட்டும் சூடு போதும். கிழங்குக் குழிக்கு எதுக்கு?"

மறுநாள் நிஜமாகவே சிறுத்தை வந்தது. திரைக்குள் மூக்கை நீட்டியது. சிலிர்ப்பன் குடும்பத்தோடு பின்வாசல் புல்லை முட்டித் தள்ளிக்கொண்டு வெளியேறி, சுற்றி வந்து, சிறுத்தையின் பின்னங்காலில் பத்து முள்ளை ஏற்றினான். அது அலறிய அலறலில் சதுப்புத் தவளைகளுக்கு எண்ணிக்கை தவறிப் போனது!

மூன்று நாள் கழித்துக் கரும்பாறை ஆள் அனுப்பினார். "என்ன தம்பி, உன் தவளை சத்தத்தையே காணோம்? வேணும்னா விலையை முக்கால் கிழங்காக்கட்டுமா?"

"முக்கால்னா சரி அண்ணாச்சி! ஆனா இனி எனக்கு ரெண்டு நாளைக்கு ஒரு கொர்தான்!" என்று சொல்லியனுப்பினான் சிலிர்ப்பன்.

மாசி பிறந்தது. பனி விலகியது. கிழங்குக் குழியில் இன்னும் ஒரு குவியல் மிச்சம் இருந்தது. ஊசிக்கண்ணி அதில் நான்கை அடுப்பில் சுட்டாள். கொழுத்த குட்டிகள் இரண்டும் பெரிய கிழங்குக்குச் சண்டை போட்டன. தொப்பையம்மா ஒன்றைத் தோலோடு கடித்துக்கொண்டே, "உப்புதான் இல்லே" என்றாள்.

விலையைக் குறைக்கத் தொண்டை கிழியக் கத்துவதற்கு முன், வாங்கியது எந்த வழியாக வீணாகிறது என்று பார்த்து அடைப்பவரே உண்மையில் மிச்சம் பிடிப்பவர்.