சீலா வீட்டில் தூசி தட்டிய கதை

காட்டுக்குள் நடந்த கதைகளைக் கேட்டுக் கேட்டு உங்களுக்கு அலுத்துப் போயிருக்கும், குழந்தைகளே. இது கடலுக்குள் நடந்தது.

ஒரு கடலில் ஒரு பவளப்பாறை இருந்தது. அதில் சீலா மீன் ஒன்று குடியிருந்தது. நீளமான உடம்பு, கூரான பல், ஓயாத வாய். தன்னைப் போலச் சுத்தபத்தமாக இருக்கிற மீன் அந்தக் கடலிலேயே கிடையாது என்று அதற்கு நினைப்பு. ஒவ்வொரு வாய் தின்ற பிறகும் பவளக் கிளையில் மூஞ்சியைத் துடைத்துக்கொள்ளும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

ஒருநாள் அந்த வழியாகப் பெரிய சுறா ஒன்று போனது. பெரிய இடத்துச் சகவாசம் என்றால் சீலாவுக்கு உயிர். விழுந்தடித்துக்கொண்டு ஓடியது.

"மாமா, மாமா! நாலாம் நாள் நம்ம வீட்டுல விருந்து. வயிறு முட்ட மத்தி மீன் போடுறேன். நீங்க அவசியம் வரணும்."

சுறா சிரித்தது. அத்தனை பல்லும் தெரிந்தது. "வர்றேன் மாப்பிள்ளை. அதுவரைக்கும் பட்டினியாவே இருக்கேன். ஆனா ஒண்ணு. எனக்குப் பசி வந்துட்டா மாமன், மாப்பிள்ளை எல்லாம் மறந்துபோகும். சொல்லிட்டேன்."

"கவலையே படாதீங்க மாமா! என் வாசல்ல எப்பவும் மத்தி மொய்க்கும்."

அது பொய்யில்லை. தினமும் மத்திக் கூட்டம் அந்தப் பாறைக்கு வரும். சீலா வாயைத் திறந்தால் போதும், சாப்பாடு ஆயிற்று.

சீலா வீட்டுக்குத் திரும்பி, வரப்போகும் விருந்தாளியின் கண்ணால் சுற்றிலும் பார்த்தது. அதற்குப் பகீர் என்றது. தண்ணீர் முழுக்கக் கூனி! கூனி தெரியும்தானே? ஓர் அரிசி மணி அளவு இருக்கும் இறால் இனம். கூனியோடு கூட, கண்ணுக்கே தெரியாத நண்டுக் குஞ்சு, நத்தைக் குஞ்சு என்று என்னென்னவோ பொடி உயிர்கள். வெயிலில் விளைகிற பச்சைப் பாசிப் பொடியை மேய்ந்துகொண்டு, மிதந்தபடியே காலம் தள்ளுகிற ஜனங்கள்.

"அடச்சீ! வீடா இது? ஒரே தூசி! மாமா பாத்தா என் மானமே போயிடும்!" என்று சீலா தலையில் அடித்துக்கொள்ளப் பார்த்தது. துடுப்பு எட்டவில்லை. பாறையில் முட்டிக்கொண்டது.

பக்கத்து மணலில் திருக்கை மீன் ஒன்று படுத்திருந்தது. முறம் போல அகலமான உடம்பு அதற்கு. சொன்ன வேலையைச் செய்யும், ஏன் என்று கேட்காது.

"ஏ திருக்கை! எழுந்து வா. இந்தத் தூசியை எல்லாம் வீசி வெளியே தள்ளு."

கூனிக் கூட்டத்திலிருந்து ஒரு கீச்சுக்குரல் கிளம்பியது. அந்தக் கூனியின் பெயர் பொடிச்சி. "அண்ணே, நாங்க தூசி இல்லண்ணே. உசுரு."

"எல்லாம் ஒண்ணுதான். கண்ணுல விழுந்தா உறுத்துது."

"நாங்க போயிட்டா அப்புறம் உங்களுக்கு..."

"நீங்க போயிட்டா எனக்கு வீடு பளிச்சுனு இருக்கும். பேச்சைக் குறைச்சுட்டுக் கிளம்பு!"

"எங்களுக்கென்னண்ணே, தண்ணி போற பக்கம் போறவங்க நாங்க. வீசச் சொல்லுங்க" என்றது பொடிச்சி.

திருக்கை மூன்று நாள் வீசு வீசென்று வீசியது. நடுவில் ஒரு நண்டு ஓடிவந்து, "ஐயையோ, என் பிள்ளைங்க அதுக்குள்ளதான் மிதக்குதுங்க!" என்று கொடுக்கை ஆட்டியது. "வளர்ந்து வந்ததும் பாத்துக்கலாம், நகரு நகரு" என்று சீலா அதையும் விரட்டிவிட்டது. கடைசிக் கூனியும் நீரோட்டத்தில் ஏறிப் போனது. தண்ணீர் கண்ணாடியாகிவிட்டது. சீலா பூரித்துப்போய்ப் பாறையை மூன்று சுற்றுச் சுற்றி வந்தது.

விருந்து நாள் வந்தது. காலையில் மத்திக் கூட்டமும் வந்தது, வழக்கம் போல வாயைத் திறந்துகொண்டு. வந்தவை வாயை மூடின. திறந்தன. மறுபடி மூடின. வாயில் ஒன்றும் சிக்கவில்லை.

"என்னப்பா, சாப்பாடு எங்க?" என்று கேட்டது முன்னால் வந்த மத்தி.

"உங்களுக்கு எதுக்குச் சாப்பாடு? நீங்கதானே சாப்பாடு!" என்று சீலா பாய்ந்தது.

தண்ணீர்தான் கண்ணாடியாயிற்றே! அது வாலை அசைத்ததுமே அத்தனை மத்தியும் பார்த்துவிட்டது. "கூனி போன பக்கம் போங்கடா!" என்று ஒன்று கத்த, மொத்தக் கூட்டமும் மாயமாகிவிட்டது.

சீலாவுக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாளும் மத்திகள் தன் வீட்டுக்குச் சாப்பிட வந்திருக்கின்றன! அவற்றின் சோற்றைத்தான் மூன்று நாளாக ஆள் வைத்து வீசியிருக்கிறோம்! "மத்தியம்மா! தெய்வமே! திரும்பி வாங்க!" என்று கெஞ்சியது. யார் வருவார்கள்?

சுறாதான் வந்தது.

"அடடா! வீட்டை என்னமா வச்சிருக்க மாப்பிள்ளை!"

"எல்லாம் உங்களுக்காகத்தான் மாமா" என்றது சீலா. வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்தது.

"ரொம்ப சந்தோஷம். இலையைப் போடு."

"மத்தி... மத்தி வழியில வந்துக்கிட்டிருக்கு மாமா. அதுக்குள்ள வீட்டைச் சுத்திப் பாருங்களேன்."

சுறா பொறுமையாகச் சுற்றிப் பார்த்தது. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது, கடைசியில் சீலாவைப் பார்த்தது.

"தண்ணி நல்ல தெளிவு மாப்பிள்ளை. அந்தக் கோடி வரைக்கும் தெரியுது. ஆனா திங்கிற மாதிரி உன்னைத் தவிர வேற எதுவும் கண்ணுல படலையே?"

சீலா எடுத்தது பார் ஓட்டம்! எங்கே திரும்பினாலும் ஒளிய ஓர் இடமில்லை. வால் பக்கத்தில் பற்கள் நறநறவென்றன.

"மாமா, நான் உங்க மாப்பிள்ளை!"

"எந்த மாப்பிள்ளை?"

லபக்! வாலில் ஒரு துண்டு போய்விட்டது. சீலா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நீரோட்டத்தோடு பறந்தது. வெகு தூரத்தில் தண்ணீர் மங்கலாகக் கலங்கிக் கிடந்தது. கூனிக் கூட்டம்! யோசிக்காமல் அதற்குள் விழுந்து ஒடுங்கிக்கொண்டது.

சுறா வெளியே நின்று பார்த்தது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. ஆனால் சுற்றிலும் ஆயிரமாயிரம் மத்திகள் கூனியை மேய்ந்துகொண்டிருந்தன. அப்புறம் சீலா யாருக்கு வேண்டும்? சுறா வயிறு முட்டத் தின்றது, பெரிதாக ஓர் ஏப்பம் விட்டது, போய்விட்டது.

பொடிச்சி மெல்ல மிதந்து வந்தது. "யாரு, அண்ணனா? என்னண்ணே இம்புட்டு தூரம்?"

சீலாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "தாயி, நான் பண்ணினது தப்புதான். எல்லாரும் வீட்டுக்கு வந்துடுங்க. உங்க காலுல விழுறேன்."

"வரணும்னு ஆசைதான். ஆனா நீரோட்டத்தை எதிர்த்து நீந்துற பலம் எங்களுக்கு ஏதுண்ணே? அது கொண்டுபோற இடம்தான் எங்க ஊரு. பசிச்சா நீங்கதான் எங்க பின்னாடி வரணும்."

வேறு என்ன செய்யும்? சீலா அன்றே வீட்டைப் போட்டுவிட்டு, அறுந்த வாலை ஆட்டிக்கொண்டு பொடிச்சிக்குப் பின்னால் கிளம்பியது. பளபளவென்று துடைத்துவைத்த அந்தப் பாறையில் குடியேற இன்றுவரை ஒரு மீனும் வரவில்லை.

நீதி: அற்பம் என்று ஒருவரை விரட்டுவதற்கு முன், உன் சோறு யார் வழியாக வருகிறது என்று விசாரித்துக்கொள்.