முதலாளி கேட்ட அவகாசம்

ஈரோட்டுப் பக்கம் ஒரு நூல் மில்லில் நடந்த கூத்து இது. முதலாளி தெய்வசிகாமணி மேசையைத் தட்டினார். “நாளைக்குள்ள ஆபீஸ்ல நாற்பது பேரும் ஏ.ஐ.யில கடிதம் எழுதணும். இல்லேன்னா உனக்கு வேலை இல்ல!”

குமாஸ்தா பூவாத்தாள் அசரவில்லை. “ஆகட்டுங்க. நீங்க டீயில சர்க்கரையை நிறுத்தினீங்க, மறுநாளே மொத்த ஆபீசும் நிறுத்திருச்சு. எல்லார் முன்னாலயும் ஒரு கடிதம் எழுதிக் காட்டுங்க, போதும்.”

முதலாளி மார்பை நிமிர்த்திக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தார். திரையை முறைத்தார். கடைசியில் கிசுகிசுத்தார்: “இதை எப்படிம்மா தொறக்கறது?”

பூவாத்தாள் உரக்கச் சொன்னாள்: “ஐயாவுக்குத் தெரியலையாமுங்க! தெரிஞ்சவங்க வந்து சொல்லிக் குடுங்க!”

முதலாளிக்கே பாடம் எடுக்கும் வாய்ப்பை யார் விடுவார்கள்? ஆளுக்கொரு கணினியில் ஏ.ஐ.யை அவசரமாகத் திறந்து பழகினார்கள். சாயங்காலத்துக்குள் நாற்பது பேரும் தேறிவிட, பூவாத்தாளின் வேலை தப்பியது.

முதலாளிதான் இன்னும் ஒரு வாரம் அவகாசம் கேட்டார்.