முத்திரை போட்ட எலி

ஒரு காலத்தில் சர்க்கார் லைசென்ஸோடு கடையில் விற்ற கஞ்சா, எண்பத்தைந்தில் சட்டம் வந்தபின் ஆளை ஜெயிலில் தள்ளும் சரக்காகிவிட்டது. கள்ளியோடை போலீஸ் ஸ்டேஷனில் பிடித்து வைத்த அப்படியொரு மூட்டை, வழக்கு நேரத்தில் வெறும் சாக்காக இருந்தது.

“எலி தின்னுடுச்சு” என்றார் இன்ஸ்பெக்டர் வீரபாகு. ஸ்டேஷனைக் கூட்டுகிற எசக்கியம்மாளைக் கூப்பிட்டு மிரட்டினார். “கோர்ட்டுக்கு அந்த எலியைப் பிடிச்சுட்டு வா. இல்லேன்னா சரக்கை வித்தது நீதான்னு உள்ளே தள்ளிடுவேன்.”

கோர்ட்டில் நீதிபதி கேட்டார். “எலி எங்கேம்மா?”

எசக்கியம்மாள் மேஜைமேல் கிடந்த சாக்கைத் தூக்கிக் காட்டினாள்.

“ஐயா, எங்க ஊரு எலி சாக்கைக் கடிச்சுத்தான் உள்ள போகும். இதுல ஒரு ஓட்டை கிடையாது. இந்த எலி கட்டை அவுத்து, தின்னு முடிச்சு, திரும்பக் கட்டி, அரக்கு உருக்கி ஊத்தி முத்திரையும் குத்தியிருக்கு. பழக்கம் விடலை போல.”

“இந்த முத்திரை யாரிடம் இருக்கும்?” என்றார் நீதிபதி.

வீரபாகுவின் கை தானாகச் சட்டைப்பையைப் பொத்தியது.

சாயங்காலம் எசக்கியம்மாள் வழக்கம்போல லாக்கப்பைக் கூட்டப் போனாள். உள்ளே வீரபாகு உட்கார்ந்திருந்தார்.

“காலைத் தூக்கிக்கோங்க ஐயா, கூட்டணும்.”