சங்குமுனைப் பாய்மரச் சங்கம்

ஒரு ஊர்ல ஒரு சங்கம் இருந்துச்சு பாப்பா. நாலே நாலு பேரு சேர்ந்த சங்கம். பாய்மரச் சங்கம்னு பேரு. பாய்னா நீ படுத்திருக்கியே அது இல்ல. படகுல மரத்த நட்டு, துணியக் கட்டி, காத்துலயே ஓட்டுவாங்கல்ல, அந்தப் பாய். ம் கொட்டு, அப்பதான் பெரியம்மாவுக்குக் கதை வரும்.

ம்.

ஊரு சங்குமுனை. அங்க எல்லாப் படகும் இஞ்சின் படகு. டட் டட் டட்னு போகும், டட் டட் டட்னு வரும். பாய் கட்டி ஓட்டத் தெரிஞ்ச ஒரே ஆளு தபால்காரர் இருளப்பன். அவங்க அப்பாகிட்ட சின்ன வயசுல பழகினது. லெட்டர் குடுக்கப் போற வீட்டுலல்லாம், சும்மா பழகலாம் வாங்கன்னு கூப்பிட்டுப் பார்த்தாரு. வந்தது ரெண்டே பேரு. தையக்கடை காசிம் அண்ணன் ஒருத்தர், பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கிற சாந்தகனி அக்கா ஒருத்தி.

ஆளு சேர்ந்தாச்சு, படகு வேணுமே. அப்போ பிலோமினா அக்கா வீட்டுப் பின்னாடி ஒரு வள்ளம் கவுந்து கிடந்துச்சு. அதுக்கடியில கோழி முட்டை போட்டுக்கிட்டு இருந்துச்சு. அந்த அக்கா வீட்டுக்காரரு வேற ஒருத்தர் படகுல கடலுக்குப் போனவரு, திரும்பி வரல. அன்னையில இருந்து ஆறு வருஷமா அக்கா கடல் தண்ணில கால் வச்சதில்ல. கரையில கூட கடலுக்கு முதுகக் காட்டித்தான் நடக்கும். மூணு பேரும் தயங்கித் தயங்கிப் போயி வள்ளத்தக் கேட்டாங்க. அக்கா கோழிய விரட்டி, முட்டைய எடுத்து மடியில கட்டிக்கிச்சு. அப்புறம் சொல்லுச்சு:

"எடுத்துக்குங்க. ஆனா நானும் வருவேன்."

ம்.

அது தை மாசம். மாசில ஓட்டை அடைச்சு, மரம் நட்டு, காசிம் அண்ணன் தச்ச பாயக் கட்டித் தண்ணில இறக்குனாங்க. பாய் பொம்முனு உப்புச்சு. படகு சர்ருனு பாஞ்சுச்சு. எல்லாரும் ஒரே பக்கமா நகர்ந்தாங்க பாரு, தொபுக்கடீர்! வள்ளம் சாஞ்சு நாலு பேரும் தண்ணிக்குள்ள. நல்ல வேளை, இடுப்பளவு தண்ணி. கரையில நின்னவங்கல்லாம் சிரிச்சாங்க. பிலோமினா அக்கா எந்திரிச்சு முகத்தத் தொடைச்சுக்கிட்டு, மறுபடி ஏறி உக்காந்துச்சு.

அப்புறம் அவங்க ஒண்ணு கத்துக்கிட்டாங்க. படகுக்குக் குறுக்க ஒரு பலகைய நீட்டி, படகு ஒரு பக்கம் சாஞ்சா மறுபக்கம் பலகையில போயி ஆளு உக்காரணும். சாந்தகனி அக்காதான் அந்த வேலைக்கு. நல்ல கனமான அக்கா.

ஆடி வந்துச்சு. பக்கத்து ஊருல பாய்மரப் போட்டி. இவங்களும் போனாங்க. பாதி தூரத்துல ஹோனு காத்து. மடக்குனு மரம் முறிஞ்சு, பாயும் கிழிஞ்சுச்சு. வேற ஊர்க்காரங்கதான் கயிறு கட்டி இழுத்துட்டு வந்து கரையில விட்டாங்க. ஊர்ல வேலையத்தவங்க சங்கம்னே பேரு வச்சுட்டாங்க. காசிம் அண்ணனுக்கு மனசே விட்டுப்போச்சு, இனிமே வரலன்னுட்டாரு. பிலோமினா அக்கா அவரு கடைக்குப் போச்சு. கிழிஞ்ச பாயக் கொண்டுபோயி அவரு மெஷின் மேல வச்சுட்டு வந்துருச்சு. மூணாம் நாள் தச்சு எடுத்துட்டு வந்தாரு.

தூங்கிட்டியா?

ம்... இல்ல.

இனிமேதான் பெரிய கதை. கார்த்திகை மாசம். வாடைக்காத்து காலத்துல நம்ம ஊரு இஞ்சின் படகெல்லாம் தெக்குக் கடலுக்குப் போயிரும்ல? அந்த வருஷம் ஒண்ணே ஒண்ணுதான் இங்க நின்னுச்சு. ஒருநாள் கடல் குளம் மாதிரி கிடந்துச்சுன்னு, அஞ்சு பொம்பளைங்க கடல்ல இருக்குற மணல் திட்டுக்குக் கடல்பாசி எடுக்கப் போனாங்க. அந்த அஞ்சு பேர்ல நானும் ஒருத்தி.

நாங்க குனிஞ்சு பாசி எடுத்துக்கிட்டே இருக்கோம், விர்ருனு வாடை கிளம்பிருச்சு. எங்கள இறக்கிவிட்ட படகுல இஞ்சின் எடுக்கல. நங்கூரக் கயிறும் அறுந்துபோயி, படகக் காத்து கரைப் பக்கம் தள்ளிக்கிட்டுப் போயிருச்சு. தண்ணி ஏறுது. முழங்கால். அப்புறம் தொடை. அப்புறம் இடுப்பு. அஞ்சு பேரும் கையக் கோத்துக்கிட்டு நிக்கிறோம்.

படகோட ஒதுங்குன படகுக்காரரு கரையில ஓடி ஓடி ஆளக் கூப்பிட்டாரு. ஊர்ல படகு ஏது? இருக்குறது சங்கத்து வள்ளம் ஒண்ணுதான். படகத் திருப்புற சுக்கானப் பிடிக்கிற இருளப்பனும் இல்ல, அடுத்த ஊருக்குத் தபால் கொண்டுபோயிட்டாரு. சாந்தகனி அக்கா அடுப்ப அணைச்சுட்டு ஓடியாந்துச்சு. காசிம் அண்ணன் கத்திரிக்கோலக் கையில பிடிச்சபடியே வந்தாரு. சுக்கானப் பிடிக்கப்போறது யாருன்னு ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பார்த்தாங்க. அதுக்குள்ள பிலோமினா அக்கா ஏறி உக்காந்து சுக்கானப் பிடிச்சிருச்சு.

காத்து எதிர்க்காத்து. நேரா வர முடியாது. இந்தப் பக்கம் ஒரு வளைசல், அந்தப் பக்கம் ஒரு வளைசல். அலை தபார் தபார்னு அடிக்குது. சாந்தகனி அக்கா பலகை நுனியில உக்காந்து, முதுகு தண்ணியத் தொடுது. எங்களுக்கு வெள்ளையா ஒரு துணி தெரியுது, போயிருது. தெரியுது, போயிருது. மூணாவது தரம் தெரிஞ்சப்போ பக்கத்துல வந்துருச்சு. தண்ணி எங்க நெஞ்சு வரைக்கும்.

ஒவ்வொருத்தரா இழுத்துப் போட்டாங்க. கடைசியா நான். பிலோமினா அக்கா என்னைப் பார்த்துக் கேட்டுச்சு: "எல்லாரும் வந்தாச்சா? ஒருக்கா எண்ணிச் சொல்லு." நான் எண்ணுனேன். அஞ்சு. அக்கா மறுபடி எண்ணச் சொல்லுச்சு. மறுபடியும் அஞ்சு. அதுக்கப்புறம்தான் பாயத் திருப்புச்சு. திரும்பி வர்றதுக்குப் பின்காத்து. சர்ருனு கரை வந்துருச்சு.

ம்...

அப்புறம் என்னாச்சுன்னா, நான் கடலுக்கே போகல. கார்த்திகை போச்சு, மார்கழி போச்சு. அலைச் சத்தம் கேட்டாலே கதவச் சாத்திக்குவேன். பாசி எடுக்காட்டி எனக்கு வேற என்ன பொழப்பு? தை பொறந்துச்சு. பொங்கலுக்கு மறுநாள் பிலோமினா அக்கா வாசல்ல வந்து நின்னுச்சு. நான் அவங்களுக்கு நன்றி சொல்லணும்னு ரெண்டு மாசமா நினைக்கிறேன், வாய் வரல. அன்னிக்கும் அழுகைதான் வந்துச்சு. அக்கா பதறவே இல்ல.

"எனக்கு ஆறு வருஷம் பிடிச்சுச்சு, முனீசு. உனக்கு ரெண்டு மாசந்தானே ஆச்சு. வா."

போனேன். நாலு பேரும் வள்ளத்துல இருந்தாங்க. இருளப்பன் எனக்கு இடம் விட்டுத் தள்ளி உக்காந்தாரு. கொஞ்ச தூரம் போனதும் அக்கா என் கையப் பிடிச்சு சுக்கான் மேல வச்சுச்சு. முதல்ல கை நடுங்குச்சு. அப்புறம், கட்டைக்குள்ள தண்ணி ஓடுறது கைக்குத் தெரிஞ்சுச்சு பாப்பா, பூனைக்குட்டி வயித்தத் தொட்ட மாதிரி. குர்ருனு. நடுக்கம் எப்ப நின்னுச்சுன்னு எனக்கே தெரியல.

அந்தத் திட்டுல இறங்கி ஒரு சாக்குப் பாசி எடுத்தேன். அதே வள்ளத்துல வீட்டுக்கு வந்தேன். இப்ப சங்கத்துல அஞ்சு பேரு.

கதை கரையேறிருச்சு. பாய இறக்கியாச்சு, நீயும் இமைய இறக்கு.