தாளாளர் போட்ட சட்டம்

தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் பறக்கும் விமானத்தில், செல்லக்கனி தன் இரண்டு வயது மகளுக்கு மேகம் காட்ட ஜன்னலோர இடம் வாங்கியிருந்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்த கல்லூரித் தாளாளர் ஞானதுரை, குழந்தையைப் பார்த்து உதட்டில் விரல் வைத்து, "உஷ்" என்றார். பிறகு பணிப்பெண்ணிடம், "சத்தம் வந்தால் இவர்களைக் கடைசி வரிசைக்கு அனுப்பும்மா" என்றார்.

"யார் சத்தம் போட்டாலும் கடைசி வரிசைதானேய்யா?" என்று கேட்டாள் செல்லக்கனி.

"யாராயிருந்தாலும்தான். என் கல்லூரியிலும் அதுதான் சட்டம்" என்றார், நாலு பேர் காதில் விழும்படி.

விமானம் மேலே ஏறும்போது குழந்தைக்குக் காது அடைக்குமே என்று, அதன் வாயில் கருப்பட்டித் துணுக்கை வைத்தாள். அது சப்பிக்கொண்டே மேகம் பார்த்தது. தாளாளரோ தூங்கிப்போய், விமானமே திரும்பிப் பார்க்கக் குறட்டை விட்டார்.

பணிப்பெண் அவர் தோளைத் தொட்டாள். "சார், கடைசி வரிசையில் இடம் இருக்கு."

அவர் மறுத்துப் பேச வாயெடுத்தார். குழந்தை கருப்பட்டி ஒட்டிய விரலை உதட்டில் வைத்து, "உஷ்" என்றது.