விளக்கேற்றாத சனிக்கிழமை

அந்த வருஷம் பெரிய வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் கிளமென்டுக்குக் கிடைத்தது. அவன் திருத்தொண்டன். குருமடத்தில் இறையியலில் முதலாவதாகத் தேறியவன். குருப்பட்டத்துக்கு முந்தைய பயிற்சிக்காக இந்தக் கடற்கரை ஊருக்கு, பங்குத்தந்தை இன்னாசி சாமியிடம் அனுப்பியிருந்தார்கள். ஊருக்கு அவன் சின்னச் சாமி.

படித்ததையெல்லாம் அன்றைக்கே இறக்கிவைத்துவிட்டான். "வெள்ளிக்கிழமை அழுகிற வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்று உண்டு! உங்கள் கல்லறைக் கல்லும் புரளும்! நீங்கள் இழந்ததை ஆண்டவர் திருப்பித் தருவார்!" என்று முழங்கினான். சனம் மூக்கைச் சிந்தியது. கிளமென்டுக்கு உள்ளூரப் பெருமைதான். இன்னாசி சாமி மட்டும் பிரசங்கம் முழுக்கத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் தெருவழியே போனபோது, செசிலி வீட்டுக் கொடியில் ஒரு வெள்ளைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

செசிலியின் கணவன் லியோன் தவக்காலத்துக்கு முன்னால் மீன்பிடிக்கக் கடலுக்குப் போனவன். வள்ளம் கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் நீந்திக் கரையேறினார்கள். லியோன் முங்கியதைக் கண்ணால் கண்டதாகச் சொன்னார்கள். உடல் ஒதுங்கவில்லை.

உடல் கிடைக்காதவனுக்கு அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. அவன் உடுத்திய சட்டையைப் பெட்டியில் வைத்து, பூசை வைத்து, கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்வார்கள். சட்டையை மனைவிதான் தன் கையால் தர வேண்டும். செசிலி தர மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தாள். இன்னாசி சாமி சாயங்காலமானால் அவள் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். என்ன பேசினீர்கள் என்று கிளமென்ட் கேட்டால், "ஒண்ணும் பேசல" என்பார். கடைசியில் அவளே, ஆண்டவர் உயிர்த்தெழும் பாஸ்கா திருவிழா முடிந்ததும் தருகிறேன் என்று சொல்லியிருந்தாள்.

ஆகவே கொடியில் சட்டையைப் பார்த்ததும் கிளமென்டுக்கு மனம் இளகிவிட்டது.

"மனசத் தேத்திக்கிட்டீங்களே அக்கா."

"ஆமா சாமி. நேத்து நீங்க சொன்ன பெறகுதான் எனக்கு உசிரே வந்துச்சு. கஞ்சி போட்டிருக்கேன். காஞ்சதும் இஸ்திரி போடணும்."

"திங்கக்கெழமைக்குப் பெட்டி சொல்லிரலாமா?"

செசிலி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "யாருக்குப் பெட்டி? பாஸ்கா பூசைக்கு அவிய உடுத்திட்டு வர வேண்டாமா? எழந்தத ஆண்டவர் திருப்பித் தருவார்னு நீங்கதான சொன்னிய?"

அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. கிளமென்ட் கோயிலுக்கு ஓடினான்.

கோயில் வெறிச்சென்று கிடந்தது. ஆண்டவர் கல்லறையில் இருக்கும் நாள் அது. பீடத்தில் விரிப்பு இல்லை, பூ இல்லை. ஆண்டவரின் உடலான நற்கருணை அப்பத்தை வைக்கும் பேழையின் கதவு திறந்தே கிடந்தது, வீடு காலிசெய்து போனவர்கள் விட்டுப்போன அலமாரி மாதிரி. ஆண்டவர் உள்ளே இருக்கிறார் என்பதற்கு அடையாளமாக வருஷம் முழுக்க அதன் பக்கத்தில் எரியும் அணையா விளக்கும் அணைந்திருந்தது. கடைசி பெஞ்சில் இன்னாசி சாமி உட்கார்ந்திருந்தார்.

கிளமென்ட் நடந்ததைச் சொன்னான். "அவங்க நம்பிக்கைய நான் எப்படி சாமி ஒடைக்கிறது?"

சாமி பீடத்தைக் காட்டினார். "அந்த அணையா வெளக்க ஏத்திட்டு வா."

"இன்னைக்கா? பேழை காலியா இருக்கே."

"இருக்கட்டும். இருட்டிக் கெடக்கு. வாறவங்களுக்கு ஆறுதலா இருக்கும்லா."

"சாமி, காலிப் பேழைக்கு முன்னால வெளக்கு எரிஞ்சா, உள்ள ஆண்டவர் இருக்கார்னு நெனச்சு சனங்க முழங்கால் போடுவாங்க. அது அவங்கள ஏமாத்துறது."

"அப்படியா?" என்றார் சாமி.

தான் சொன்னது கிளமென்டுக்கே உறைத்தது. செசிலி வீட்டுக்குப் போனான்.

செசிலி சட்டைக்கு இஸ்திரி போட்டு முடித்திருந்தாள்.

"அக்கா, லியோன் அண்ணன் வர மாட்டாங்க. நான் பேசினது தப்பு. அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட அவனுக்குத் தேவலை. சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"அப்ப பாஸ்கா எனக்கு எதுக்கு சாமி?"

கிளமென்ட் நின்றான். பிறகு, "உங்களுக்காகச் செபிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று திரும்பி நடந்தான்.

சாமி அதே பெஞ்சில்தான் இருந்தார்.

"சொல்லிட்டேன் சாமி."

"அவ என்ன சொன்னா?"

"பாஸ்கா எனக்கு எதுக்குன்னு கேட்டாங்க."

"நீ?"

"ஒண்ணும் வரல. உயிர்ப்பப் பத்தி கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினவன் நான். ஒரு வரி வரல." அவன் பாட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்தபடி பக்கத்தில் உட்கார்ந்தான். "நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"எனக்கும் தெரியாது." சாமி அவன் பக்கம் திரும்பினார். "கூட யாரு இருக்கா?"

"யாருமில்ல. நான் வந்துட்டேன். ராத்திரி பாஸ்கா புகழுரை பாடணும். ஒருதடவ பாடிப் பாத்துக்கலாம்னு..."

பாஸ்கா இரவில் ஏற்றும் பெரிய மெழுகுதிரியின் முன்னால் நின்று திருத்தொண்டன் பாட வேண்டிய பாட்டு அது. அவனுக்கு அதுதான் முதல் தடவை. மாதக்கணக்காகப் பழகிவைத்திருந்தான்.

சாமி அவன் கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவர் பாடினால் பாடகர் குழுவே சிரிப்பை அடக்கப் பாடுபடும், ஊரறிந்த விஷயம்.

"நான் பாடிக்கிடுதேன். நீ அங்க போ."

"போயி என்ன சாமி சொல்ல?"

"இன்னைக்கு முழுக்க ஆண்டவரே செத்துக் கெடக்காரு, கிளமென்ட். ஒனக்கு மட்டும் பேச என்ன அவசரம்?"