புகை போகாத சிம்னி

ஏட்டி மதி, கால ஆட்டாம படு. சித்தி ஒரு தடவைதான் சொல்லுவேன். "ம்" கொட்டணும், கொட்டலைன்னா பாதியில நிறுத்திருவேன். சரியா?

"ம்."

ஒரு ஊர்ல ஒரு மாமியார், ஒரு மருமக. மாமியார் பேரு செண்பகவடிவு, மருமக பேரு பூரணம். ரெண்டு பேரும் சண்டை போடுவாவன்னுதான நினைக்க? அதுதான் கிடையாது. அடுப்படியில ஒண்ணா நின்னு, ஊர்க்கதை எல்லாம் பேசிக்கிட்டேதான் சமைப்பாவ. செண்பகவடிவுக்கு ஒரே ஒரு கஷ்டம், வீசிங். புகை பட்டாப் போதும், கொர்ர் கொர்ர்னு இழுத்துரும்.

அதனால மகன் சங்கரபாண்டி என்ன செஞ்சான், பழைய அடுப்படிய இடிச்சுட்டுப் புதுசாக் கட்டினான். பளபளன்னு அலமாரி, கருப்புக் கல்லு மேடை, அடுப்புக்கு மேல ஒரு சிம்னி. புகைய உறிஞ்சி, குழாய் வழியா வெளிய தள்ளுத பெட்டி. நம்ம வீட்லயும் தொங்குதே, அதேதான்.

பால் காய்ச்சியாச்சு. மறுநாள் பூரணம் சிம்னியப் போட்டா. "உர்ர்ர்ர்"னு ஒரே சத்தம். எண்ணெயில மிளகா வத்தலக் கிள்ளிப் போட்டா, "ஸ்ஸ்ஸ்"! புகை மேல போச்சு, போன வேகத்துல திரும்பி வந்து அடுப்படி பூரா பரவிருச்சு. செண்பகவடிவு லொக்கு லொக்குன்னு இருமுதா, கண்ணெல்லாம் தண்ணி. நாலு நாளும் இதே கதை.

"ம்."

அப்போ சங்கரபாண்டி சொன்னான், "இது சரிப்பட்டு வராதும்மா. ஞாயித்துக்கிழம உன்னைய கோயம்புத்தூர்ல அக்கா வீட்ல கொண்டு விட்டுருதேன். இனி அங்கயே இரு."

அவன் வெளிய போனதும் செண்பகவடிவு மருமக கையப் பிடிச்சுக்கிட்டா. "எனக்குப் போக மனசில்ல பூரணம்."

"நீங்க எங்கயும் போகல அத்தை. இந்தப் பெட்டி என்ன பெரிய இவனா? ஒரு கை பாத்துருதேன்"ன்னா பூரணம்.

அப்புறம் அவ ஒரு பேப்பர் துண்டக் கிழிச்சு, சிம்னி வாயில வச்சுக் கைய எடுத்தா. காத்த உறிஞ்சுனா ஒட்டிக்கணும்லா? தொப்புன்னு கீழ விழுந்துச்சு. சிம்னி அடியில இருக்குத கம்பி வலையக் கழட்டிப் பாத்தா, கொத்து வேலை நடந்த தூசி பூரா அதுல அப்பிக் கிடக்கு. வெந்நீர்ல சோப்பப் போட்டுச் சரக் சரக்குன்னு தேச்சுக் காய வச்சு மாட்டுனா. பேப்பர வச்சா. தொப்பு!

அப்புறம் ஸ்டூல் மேல ஏறிப் பரண்ல எட்டிப் பாத்தா. ஆசாரி அலமாரிய மாட்டுத அவசரத்துல குழாய நசுக்கி வச்சிருக்காரு. "நல்லா மாட்டுனாரு போங்க"ன்னு திட்டிக்கிட்டே நிமித்தி விட்டா. பேப்பர வச்சா. ஒட்டுத மாதிரி ஆடுச்சு, ஆடுச்சு... தொப்பு!

"ஐயோ."

என்ன ஐயோ? பூரணமே ஐயோங்கல, உனக்கென்ன? "குழாய் எங்க போய் முடியுதுன்னு பாத்துருவோம்"னு கொல்லப்பக்கம் போனா. சிம்னி உள்ள ஓடிக்கிட்டே இருக்கு. வெளிச் சுவத்துல என்னமோ "டப டப டப"ன்னு அடிச்சுக்குது. நிமிந்து பாத்தா, பிதுங்குன கண்ணு, கோரப்பல்லு, தொங்குத நாக்கு! பயப்படாதட்டி, தகரத்துல செஞ்ச திருஷ்டி பொம்மை. சரியா குழாய் வாய அடைச்சு மாட்டிக் கிடக்கு.

"யாரு மாட்டுனது?"

அதையேதான் பூரணமும் கேட்டா. "நான்தாம்ட்டி"ன்னு செண்பகவடிவு வந்து நின்னா. "கொத்தனார் நல்ல சுவத்துல இம்புட்டுப் பெரிய ஓட்டைய விட்டுட்டுப் போயிட்டான்னு நினைச்சேன். பாக்கவே சகிக்கல. ஓட்டையும் மறையும், கண்ணும் படாதுன்னு மாட்டுனேன்."

பூரணம் கழட்டப் போனா. "தொடாத! மாட்டுனத எடுத்தா வீட்டுக்கு ஆகாது. உங்களுக்கு ஒண்ணு ஆயிறக் கூடாது. நான் கோயம்புத்தூருக்கே போயிருதேன்"ன்னுட்டா மாமியார்.

வந்துச்சே பூரணத்துக்குக் கோவம்! "நீங்க போறதுதான் இந்த வீட்டுக்கு ஆகாது! அந்த அடுப்படியில தனியா நின்னு நான் யார்ட்ட பேசுவேன்?" சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துருச்சு.

செண்பகவடிவு முந்தானையால மருமக கண்ணத் தொடச்சு விட்டா. அப்புறம், "ஸ்டூல இழுத்துப் போடு. மாட்டுனவ நானு, நானே எடுக்கேன்"ன்னா. மருமக பிடிச்சுக்கிட்டா, மாமியா ஏறுனா, பொம்மையக் கழட்டுனா. குழாய்க்குள்ள இருந்து "புஸ்ஸ்ஸ்"னு காத்து மூஞ்சியில அடிச்சுச்சு. பொம்மைய வாசல் கேட்ல மாட்டிட்டாவ.

உள்ள வந்து பேப்பர வச்சா, சப்புன்னு ஒட்டிக்கிச்சு! எண்ணெயக் காய வச்சு, ஒண்ணுக்கு அஞ்சு வத்தலாக் கிள்ளிப் போட்டா. "ஸ்ஸ்ஸ்!" செண்பகவடிவு மூச்சப் பிடிச்சுக்கிட்டு நின்னா. புகை நேரா மேல போச்சு, திரும்பி வரல. மெதுவா மூச்ச விட்டா, திரும்ப இழுத்தா. ஒரு இருமல் இல்ல.

"ம்..."

ஞாயித்துக்கிழம வந்துச்சு. சங்கரபாண்டி சட்டைய மாட்டிக்கிட்டு, "கிளம்பும்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு"ன்னான். செண்பகவடிவு திரும்பிக் கூடப் பாக்கல, புளிக்குழம்பக் கிண்டிக்கிட்டே சொன்னா, "அக்கா தேடுவா. நீ வேணாப் போயி நாலு நாள் இருந்துட்டு வா. எனக்கு இங்க சோலி கிடக்கு."

அம்புட்டுதான் கதை. மிச்சத்தத் தூக்கத்துல பாத்துக்க, கண்ண மூடு.